ஸ்கேன் பண்ணினால் யார் பெயர் வருகிறது?

மல்லிகை இரண்டு முழம் வாங்கிக்கொண்டு, கூடையோரம் கட்டித் தொங்கும் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். திரையில் ஓர் ஆண் பெயர் வருகிறது. "இந்தப் பேர்தானாம்மா?" என்றால், "ஆமா, பையன் பேரு. போடுங்க சாமி" என்கிறார் பூக்காரம்மா. அவர் கையில் இருப்பது பட்டன் போன். அறுபது ரூபாய் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நாம் திருப்பிக் காட்டும் பச்சை டிக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த சரத்தை எடுக்கிறார். தொடுத்தது அவர், விற்றது அவர், காசு மட்டும் மகன் கணக்கில்.

போனா, கார்டா, ரொக்கமா என்ற பேச்சு எழுந்தாலே அதை வயது விவகாரமாக்கிவிடுவது நம் வழக்கம். இளசுகளுக்கு போன், பெருசுகளுக்கு ரொக்கம் என்று முடித்துவிடுகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2016 ஏப்ரலில் வங்கிகள் பங்குதாரர்களாக உள்ள என்பிசிஐ, போனில் பணம் அனுப்பும் யுபிஐயை அறிமுகப்படுத்தியது. 2019 அக்டோபரில் அது ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிவர்த்தனைகளைத் தொட்டது. 2023 ஆகஸ்டில் 1,000 கோடி, 2025 ஆகஸ்டில் 2,000 கோடி. இந்த வேகத்துக்கு ரொக்கம் வற்றிப்போயிருக்க வேண்டும். ஆனால் பணமதிப்பு நீக்கத்துக்கு முன்பு சுமார் 17.7 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 2025இல் 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. நாட்டின் பொருளாதாரமும் கூடவே வளர்ந்தது என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், ரொக்கம் எங்கும் போய்விடவில்லை. ஒரே ஆள் காலையில் டீக்கு ஸ்கேன் செய்கிறார், மாலையில் ஏடிஎம் வாசலில் நிற்கிறார். எதற்கு எது என்பதில் ஜனங்களுக்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது.

முதலில், இந்தப் போட்டியில் சத்தமில்லாமல் பின்தங்கிய டெபிட் கார்டைப் பார்த்துவிடலாம். கார்டைத் தேய்க்கும்போது நடுவில் மூன்று பேர் நிற்கிறார்கள்: கடைக்காரரின் வங்கி, கார்டு கொடுத்த வங்கி, இரண்டையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு. இவர்களின் பங்கு கடைக்காரருக்குப் போக வேண்டிய தொகையில் கழிக்கப்படுகிறது. டெபிட் கார்டுக்கு இந்தக் கட்டணம் சிறு வணிகரிடம் 0.40 சதவீதத்தையும் மற்றவர்களிடம் 0.90 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று 2018 முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு கிடையாது. இரண்டு சதவீதம் வாக்கில் போகும். நகைக்கடையில் பில் போடும் தம்பி குரலைத் தாழ்த்தி, "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்ந்து வரும் சார்" என்பது இதனால்தான். இதற்கு மேல் மிஷின் வாடகை, பேப்பர் ரோல், சிக்னல் என்று தனித் தொல்லைகள்.

யுபிஐக்கு வேண்டியது ஒரு காகிதம். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் கார் உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கட்டம்போட்ட க்யூஆர் குறியீடு, நம் இளநீர் வண்டியில் வந்து ஒட்டிக்கொண்டது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கட்டணம் வசூலிக்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. அப்படியானால் செலவு யார் தலையில்? வங்கிகள் ஒரு பகுதியைச் சுமக்கின்றன, மீதிக்கு அரசு கை கொடுக்கிறது. 2024-25க்கு மட்டும் சிறு வணிகர்களுக்கான பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நாம் இலவசம் என்று நினைப்பதற்கு நம் வரியிலிருந்தே ஒரு பங்கு போகிறது.

டீக்கடையில் கார்டு மிஷின் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அங்கே போன் விரட்டியது சில்லறைத் தட்டுப்பாட்டைத்தான். மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாயை நீட்டுவது, டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து "இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்னும் கண்டக்டர், இறங்கும் அவசரத்தில் நாம் அதை மறப்பது எல்லாம் நமக்குப் பழக்கமானவை. பதினேழு ரூபாயைப் பதினேழு ரூபாயாகவே கொடுக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "ஜிபேல காசு இருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். அங்கே காசு இல்லை. யுபிஐயைப் பொறுத்தவரை கூகுள் பே, போன்பே எல்லாம் கதவுகள் மட்டுமே. பின் நம்பரை அடித்தவுடன் நம் வங்கியிலிருந்து பெறுபவரின் வங்கிக்கு நேரடியாகப் பணம் போகிறது, இடையில் என்பிசிஐயின் கணினிகள் இரு வங்கிகளோடும் பேசி முடிக்கின்றன. பின் போட்டு அனுப்பிய பணத்தைத் திரும்ப இழுக்கச் சுலபமான வழி இல்லாததும் இதனால்தான். கிரெடிட் கார்டில், பொருள் வரவில்லை என்றால் வங்கியிடம் முறையிட்டுத் தொகையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஆன்லைனில் பெரிய தொகைக்குப் பொருள் வாங்கும் விவரமானவர்கள் கார்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயிலேயே இணைக்கலாம் என்றானபின், பிளாஸ்டிக் அட்டை டிராயரிலும் கடன் மட்டும் போனிலும் இருக்கிறது.

கையை விட்டுப் போகும் காசு வலிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எம்ஐடியைச் சேர்ந்த டிராசன் பிரலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். இதைச் சொல்ல நம் வீடுகளுக்கு ஆய்வு தேவைப்பட்டதில்லை. "ஐந்நூறு ரூபா நோட்டை உடைச்சுட்டா அவ்வளவுதான்" என்பார்கள் அம்மாக்கள். உடைக்க மனம் வராத நோட்டு அப்படியே தங்கும். போனில் உடைக்க எதுவும் இல்லை. சென்ற மாதம் என் வங்கிக் கணக்கு அறிக்கையை ஓட்டிப் பார்த்தேன். இருபது ரூபாய், முப்பது ரூபாய் என்று வரிசை கட்டி நின்றவை எதற்கு என்று பாதிக்கு மேல் ஞாபகமே வரவில்லை.

இன்னொரு பக்கம், தடயம் விழுவதே சிலருக்குப் பிரச்சினை. சிறுவாட்டுப் பணம் என்ற சொல் நம் அகராதியில் சும்மா இல்லை. அஞ்சறைப்பெட்டியில், அரிசிப் பானையில், புடவை மடிப்பில் வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்த அந்தக் காசுதான் பள்ளிக் கட்டணத்துக்கும் தங்கையின் பிரசவச் செலவுக்கும் உதவியது. 2016 நவம்பர் 8 இரவு பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டபோது அது ஒரு தடவை அம்பலத்துக்கு வந்தது. செல்லாத ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளை வீட்டு ஆண்களிடம் கொடுத்துத்தான் பெண்கள் பலர் மாற்ற வேண்டியிருந்தது. யுபிஐயில் சிறுவாடு சேர்க்க முடியாது. குறுஞ்செய்தி எந்த போனுக்குப் போகிறது என்பதில் அதன் ரகசியம் முடிந்துவிடும். பூக்காரம்மா கூடையில் இருக்கும் அட்டையை இந்தக் கண்ணோடு பார்த்தால், வசதி யாருக்கு என்ற கேள்வி எழாமல் இருக்காது. சில்லறையாகக் கொடுத்தால் அது அவர் சுருக்குப்பைக்குள் போகும். அதனால் அவரிடம் மட்டும் நான் ரொக்கமாகக் கொடுக்கப் பழகியிருக்கிறேன். மகன் நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம்.

சிறு வியாபாரிகளின் தயக்கத்துக்கு இன்னும் அழுத்தமான காரணங்கள் உண்டு. தண்டலுக்குக் கடன் வாங்கி அதிகாலையில் மொத்தச் சந்தையில் சரக்கு எடுப்பவருக்கு, மாலையில் வட்டியோடு கையில் காசு வேண்டும். வசூலுக்கு வருபவர் வங்கி அறிக்கையைக் கேட்பதில்லை. கணக்கில் விழுந்ததை எடுக்க ஏடிஎம்முக்கு நடக்க வேண்டும். மாதத்தின் இலவச முறைகள் தீர்ந்தபின் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம் என்று 2025 மே முதல் விதி. கணக்கில் கடன் தவணை ஏதாவது நிலுவையில் இருந்தால், வியாபாரக் காசு வந்து விழுந்த அடுத்த நொடியே பிடித்தமாகிவிடலாம்.

பெங்களூருவில் 2025 ஜூலையில் நடந்தது இந்தப் பயத்தை ஊரறியச் செய்தது. யுபிஐ வரவுகளை வைத்து ஆண்டு விற்றுமுதலைக் கணக்கிட்ட கர்நாடக வணிகவரித் துறை, ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பனைக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பது ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு. காய்கறி விற்பவருக்கும் நோட்டீஸ் போனது. இத்தனைக்கும் புதிய காய்கறிக்கு வரியே கிடையாது. அடுத்த சில நாட்களில் பேக்கரிகளிலும் பெட்டிக்கடைகளிலும் க்யூஆர் அட்டைகள் காணாமல் போயின. 'யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்' என்ற தாள்கள் ஒட்டப்பட்டன. பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம் என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்னபிறகே கொதிப்பு அடங்கியது. வரி கட்டக்கூடாது என்று நான் வாதாடவில்லை. ஆனால் 'டிஜிட்டலுக்கு வாருங்கள்' என்று அழைத்தவர்கள், அதன் கணக்கு ஒருநாள் வாசலுக்கு வரும் என்பதை அழைக்கும்போதே சொல்லவில்லை.

கணக்கு முடக்கமும் அப்படித்தான். சைபர் மோசடிக்காரர் ஒருவர் நம் கடையில் இருநூறு ரூபாய்க்குச் சாப்பிட்டு ஸ்கேன் செய்தால், அந்த இருநூறைத் தேடி வரும் போலீஸ் கோரிக்கையில் மொத்தக் கணக்கும் உறையலாம். சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் கூறியது.

மோசடி பற்றி அதிகம் நீட்ட வேண்டாம். தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை, அது அனுப்பத்தான். 'பின் போட்டால் பணம் வரும்' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடலாம். தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியதே இந்த ஏமாற்றால்தான். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். நேரம் அங்கே முக்கியம். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுபவர்களுக்குக் கடைக்காரர்கள் கண்ட மருந்து, தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி. நாம் எவ்வளவு வாங்கினோம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும். அதற்குப் பழகிக்கொண்டோம்.

எல்லாம் ஓடும்போது சரி. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறியபோது ஹோட்டல் கல்லாக்களில் கூட்டம் கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப்பின் சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. பால் பாக்கெட்டுக்கு ரொக்கம்தான் செல்லுபடி. கணக்கில் லட்சம் வைத்திருந்தவர்களும் நூறு ரூபாய்க்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வாரத்துக்குப்பின் என் நண்பர்கள் பலர் அலமாரியில் சில ஆயிரங்களைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

பிறருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கொடுக்கும் பணமும் நம்மிடம் ஒன்று உண்டு: மொய். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே க்யூஆர் குறியீட்டை அச்சடித்தபோது ஊர் சிரித்தது, செய்தியும் ஆனது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. கவருக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி ஒட்டும் வேலையும் மிச்சம். 501 என்று அடித்தால் போதும். ஆனால் அனுப்பியவர் யாரும் அத்தோடு கிளம்பிவிடுவதில்லை. மொய் எழுதும் மேசைக்கு வந்து, போனை நீட்டி, ஊரும் பேரும் சொல்லி, தன் பெயருக்கு நேரே 'ஜிபே' என்று நோட்டில் எழுதியாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறார்கள்.