ஈயச் சொம்பு உலோகத்தில் சூரிய மின்சாரம்

திருமலை அடிவாரத்தில் மலிவான சூரிய மின்கலத்தைத் தேடிய ஆய்வு

திருப்பதிக்கு வருகிறவர்களின் கண் மலைமேல்தான் இருக்கும். அடிவாரத்தில் 1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இங்கே இயற்பியல் துறையில் 1990களில் ஒரு கேள்வி எழுந்தது: ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் உலோகத்திலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா?

கேள்வியைத் துரத்தியவர் பேராசிரியர் கே.டி. ராமகிருஷ்ண ரெட்டி. வெள்ளீயமும் கந்தகமும் சேர்ந்தால் கிடைக்கும் டின் சல்ஃபைடு ஒரு குறைகடத்தி. அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 1.3 எலெக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியை மின்சாரமாக்க ஏறக்குறைய உகந்த அளவு இது. வெயிலை நன்றாக உறிஞ்சும் என்பதால் தலைமுடியின் கனத்தில் சிறு பங்கே உள்ள படலம் போதும். மற்ற மெல்படல மின்கலங்களில் பயன்படும் இண்டியமும் டெலூரியமும் அரிதானவை. வெள்ளீயமும் கந்தகமும் அப்படியல்ல.

தெளித்தால் படலம்

ராமகிருஷ்ண ரெட்டியும் சக ஆய்வாளர் என். கோட்டேஸ்வர ரெட்டியும் கையாண்ட முறை எளிமையானது. வெள்ளீய உப்பும் கந்தகம் தரும் வேதிப்பொருளும் கலந்த கரைசலை, சூடான கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தூறலாகத் தெளிக்க வேண்டும். திரவம் ஆவியாகிவிடும், படலம் தங்கிவிடும். விலை உயர்ந்த வெற்றிடக் கருவி தேவையில்லை.

ஆனால் பதம் தவறக் கூடாது. சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் நல்ல படலம் கிடைத்தது. சூடு குறைந்தால் வெள்ளீயமும் கந்தகமும் வேறு விகிதத்தில் சேர்ந்து, வேண்டாத சேர்மங்கள் கலந்துவிடும்.

இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்.டபிள்யூ. மைல்ஸுடன் இணைந்து 2006இல் இவர்கள் வெளியிட்ட முடிவு: 1.3 சதவீதத் திறன். விழுந்த ஒளியாற்றலில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமானது.

இன்று வீட்டுக் கூரைகளில் ஏறும் சிலிக்கான் தகடுகள் 20 சதவீதத்தைத் தாண்டுகின்றன. அதன் முன் 1.3 அற்பமாகத் தோன்றலாம். ஆனாலும் டின் சல்ஃபைடு பற்றிப் பின்னால் எழுதியவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த எண் இதுதான். திருப்பதிக் கலத்தில் இன்னொரு குறையும் இருந்தது. டின் சல்ஃபைடுக்கு ஜோடியாக இருந்த அடுக்கில் நச்சுத்தன்மை கொண்ட காட்மியம் இருந்தது. இரு அடுக்குகளும் சேரும் இடத்தில் மின்னூட்டமும் வீணாயிற்று.

2014இல் அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்மியத்தைத் தவிர்த்து, அணு அடுக்கு அடுக்காகப் படலம் வளர்த்து 4.36 சதவீதத்தை எட்டினார்கள். கருவியும் வசதியும் வேறு. பொருள் அதே டின் சல்ஃபைடு.

மலிவான பொருள், மலிவான முறை, அதற்கு எவ்வளவு விளைச்சல்? திருப்பதி ஆய்வகம் கணக்கை ஒளிக்காமல் எழுதி வைத்தது. அடுத்தவர்கள் அங்கிருந்து தொடர முடிந்தது. சோதனை இயற்பியலில் பெரும்பாலான வாழ்நாள் உழைப்பு இப்படித்தான் பலன் தருகிறது.