கடற்கரைச் சித்திரங்களும் சமவெளிக் கண்களும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் பிறந்து வளர்ந்த நம்மிற் பலருக்குக் கடலென்பது பூகோள புத்தகத்திற் கண்ட பொருளேயாகும். நாம் எத்திசை நோக்கினும் ஒரு மலை வந்து வானத்தை மறிக்கும். சேலத்தார்க்கு வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை; நாமக்கல்லார்க்குக் கிழக்கே கொல்லிமலை. 1934 ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின்னர்ப் பெருநீர்ப் பரப்பு ஒன்று நமக்கு வாய்த்ததெனினும், அதன் கரையிலும் மலைகளே காவல் நிற்கின்றன. நம் ஊர்ப் பள்ளிச் சிறுவரைப் படம் வரையச் சொன்னால், இரு மலைகளின் இடையே சூரியனை உதிக்கச் செய்வர். கடலை வரையச் சொல்லினும் மலைகளை விட மனம் வராது!

இத்தகைய கண்களோடு ஒரு சித்திரசாலையிற் புகுந்து, கடற்கரைக் காட்சிகளைத் தீட்டிய படங்களின்முன் நிற்கும்போது ஒருவகைத் திகைப்பு உண்டாகின்றது. படத்தின் பெரும்பகுதி வெறும் வானம், அதன்கீழ் ஒரு நீலப் பட்டை, அதன்கீழ் மணல். "இதில் என்ன இருக்கிறது?" என்று அடுத்த படத்திற்கு நகர்ந்துவிடுகிறோம். என்ன இருக்கிறதென்பதை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒளியைக் கவனித்தல் வேண்டும். நம் சோழமண்டலக் கரை கிழக்கு நோக்கியது. ஆகையால் காலையிற் கடலை நோக்கி அமரும் சித்திரகாரர் சூரியனுக்கு எதிர்முகமாக அமருகின்றார். நீர் வெள்ளித் தகடுபோற் கண்ணைக் கூசச் செய்யும். படகும் மனிதரும் கரிய நிழலுருவாகவே தோன்றுவர். பிற்பகலிலோ சூரியன் அவர் முதுகின்பின் இறங்குகின்றான். அப்போதுதான் நீரின் பசுமையும் நீலமும், பாயின் காவியும், வலையிழுப்போரின் தசைத் திரட்சியும் புலப்படும். மலையாளக் கரையில் இம்முறை தலைகீழாகும். அங்குச் சூரியன் கடலுள் மறைகின்றான். இவ்வொன்றை அறிந்தவர், கிழக்குக் கரையைத் தீட்டிய படம் காலையில் எழுதப்பெற்றதா மாலையில் எழுதப்பெற்றதா என்பதைப் பெரும்பாலும் தாமே சொல்லிவிடலாம்.

அடுத்தது வெண்மை. நீர்வர்ணச் சித்திரத்தில் அலையின் நுரைக்கு வெள்ளை வர்ணம் தீட்டுவதைத் தேர்ந்தவர் பலர் விரும்புவதில்லை. காகிதத்தையே தொடாமல் விட்டுவிடுவர். அங்ஙனம் விட்ட இடமே நுரையாகின்றது. எங்கே தூரிகை படலாகாதென்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். பட்டுவிட்டால் மீட்பது அரிது. தைலவர்ணத்திற்கு இக்கட்டாயமில்லை, தவற்றின்மேல் மற்றொரு பூச்சுப் பூசலாம். எனவே, தைலச் சித்திரத்தின் கடல் கனமும் திண்மையும் உடையதாய்த் தோன்ற, நீர்வர்ணக் கடல் காற்றில் ஈரம் கலந்ததுபோல் தோன்றும். நமக்கு நீர்வர்ணமே பெரிதும் உகந்தது. மற்றவர் வேறு கருதலாம்.

இனி, படத்தைத் தீட்டியவர் எங்கே நின்றார் என்பதொன்று உண்டு. இதுவே எல்லாவற்றினும் முக்கியமென்பது எம் கருத்து. தாமஸ் டேனியல் என்பாரும் அவர் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியம் டேனியல் என்பாரும் 1792 ஆம் ஆண்டில் தென்னாட்டுப் பயணம் புறப்பட்டனர். திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் ஆங்கிலேயர் வசமான ஆண்டு அதுவே. பாரமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்த அதே கைகள் மாமல்லபுரத்துக் கற்றளிகளையும், சென்னைக் கோட்டையின் கடற்கரைத் தோற்றத்தையும் வரைந்தன. செப்புத் தகட்டில் அமிலம்கொண்டு அரித்துப் பதிக்கும் அக்வாடின்ட் முறையில் அவை அச்சாகி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக லண்டனில் வெளிவந்தன. அவற்றின் அழகை மறுப்பாரில்லை. எனினும், அவற்றில் நம்மவர் காட்சியின் அளவை உணர்த்துதற்கு வைக்கப்பெற்ற சிற்றுருவங்களாகவே பெரும்பாலும் நிற்கின்றனர். துறைமுகமில்லாத சென்னையில், ஆணியின்றிக் கயிற்றாற் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளே மக்களையும் சரக்கையும் கப்பலினின்று அலை கடந்து கரை சேர்த்தன. அப்படகோட்டியின் அச்சம் யாது, கூலி யாது என்பன கப்பலில் வந்து இறங்கிய யாத்திரிகரின் கண்ணுக்கு எட்டுமோ?

கரையிலேயே வாழ்பவர் கையில் தூரிகை வருவதற்குப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1850 இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய சென்னைச் சித்திரக் கலாசாலைக்கு 1929 இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி தலைவரானார். அவர் மாணாக்கருள் ஒருவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911 இல், நம் அண்டையிலுள்ள கோயம்புத்தூரிற் பிறந்தவர். அவருடைய இளமைக்கால நீர்வர்ணங்களில் மலையாள நாட்டுத் தென்னந்தோப்பும் கால்வாயும் உயிர்பெற்று விளங்கின. 1944 இல் நண்பரோடு முற்போக்குச் சித்திரகாரர் சங்கத்தை நிறுவினார். 1957 இல் தம் ஆசிரியரின் இடத்தில் தாமே தலைவரானார்.

அப்பதவியில் அவரை வருத்திய கேள்வி அழகைப் பற்றியதன்று, வயிற்றைப் பற்றியது. தேர்ச்சிபெற்று வெளியேறும் மாணாக்கர் படம் எழுதி எங்ஙனம் பிழைப்பது? படம் வாங்குவார் மிகச் சிலர். வேறு வேலைக்குப் போனாற் கலை கைவிட்டுப் போகும். இதற்கு அவரும் மாணாக்கரும் கண்ட வழி வியக்கத்தக்கது. துணியில் மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாடிக் முதலிய கைத்தொழில்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக்கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலையடுத்த மணல்நிலத்தை வாங்கி, 1966 இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். கைத்தொழில் அடுப்பெரியச் செய்தது. எஞ்சிய நேரம் கலைக்கு உரியதாயிற்று. அரசரோ ஜமீன்தாரோ ஆதரியாத காலத்தில், தம் கையையே தமக்குப் புரவலாக்கிக்கொண்டவர் இவர்கள்.

கடற்கரையிலேயே குடியேறியவர் ஆதலின் அலைகளையே எழுதிக் குவித்திருப்பர் என்று எண்ணிச் செல்வார் ஏமாறுவர். பணிக்கரே 1963 முதல் சொற்களையும் குறிகளையும் கொண்ட புதுமுறைச் சித்திரங்களிற் புகுந்துவிட்டார். படிக்கவியலாத எழுத்துக்களும் ஜாதகக் கட்டங்கள்போன்ற கோடுகளுமே அவற்றிற் காணப்பெறும். ஜே. சுல்தான் அலி நாட்டுப்புறத் தெய்வ உருவங்களை நாடினார். கே. ராமானுஜமோ 1973 இல் மறையும்வரை விந்தை மாளிகைகளையும் விலங்குகளையும் கோட்டோவியமாக்கினார். கடல் எங்கே என்று கேட்பார்க்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே: நாள்தோறும் வாசலிற் காணும் பொருளை யாத்திரிகரைப்போல் வியந்து எழுதவேண்டிய தேவை உள்ளூரார்க்கு இல்லை. வேண்டும்போது எழுதுவர், வேண்டாதபோது விடுவர். அவ்வுரிமையே உள்ளூர்க் கலைஞர்க்கும் வழிப்போக்கர்க்கும் உள்ள வேற்றுமை.

நம் பழந்தமிழ்ப் புலவரும் நெய்தலை வெறும் நீர்ப்பரப்பாக எண்ணவில்லை. இரங்கலை அதற்கு உரிப்பொருளாக்கினர். பரதவரையும், உப்பையும், புன்னையையும், பொழுது சாய்தலையும் அதனோடு பிணைத்தனர். நிலத்தை அதில் வாழ்வாரோடு சேர்த்தே காண்பது நமக்குப் புதிதன்று. ஆயின், அந்நோக்கு நம் மாவட்டத்து நிலத்தின்மேல் இன்னும் போதிய அளவு படவில்லையே என்னும் ஏக்கம் எமக்கு உண்டு. காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888 இற் பிறந்த நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் புகழ்பெறுமுன் சித்திரகாரராக விளங்கியவர். எனினும் அவர் கை வண்ணம் பெரிதும் மனித முகங்களிலேயே சென்றது. நாமக்கற் பாறையையும், வறண்ட திருமணிமுத்தாற்றையும், கோடையில் வெண்மணலாகக் கிடக்கும் காவிரிப் படுகையையும் எழுத வேண்டியவர் நம் வகுப்புக்களிலேயே இருத்தல் கூடும்.

ஈஞ்சம்பாக்கத்தில் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையும் வீடுகளும் நெருங்கிவிட்டன. சென்னைக் கலையியக்கத்துக்கென ஒரு சித்திரசாலையும் 2009 முதல் அங்கு நடைபெறுகின்றது. சென்னைக்குச் செல்லும் நம் மாணவர், விடியலில் எதிரொளியிற் கடலை ஒருமுறை கண்டு, வெயில் ஏறியபின் சித்திரசாலையிற் புகுந்து, நான்கு மணிக்கு மீண்டும் மணலுக்கு வருவாராக. அப்போது ஒளி முதுகின்பின் இருக்கும். காலையிற் கண்ட கரிய படகுகளின் உண்மை நிறம் அந்நேரத்திற்றான் தெரியும்.