வாய்மொழித் தேர்வு

கற்ற கல்வியை அளந்தறியும் முறைகள் இரண்டு. ஒன்று எழுத்துத் தேர்வு. மற்றொன்று வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வில் மாணவர் வினாவைப் பன்முறை படிக்கலாம். எழுதியதை அடித்துத் திருத்தலாம். வாய்மொழித் தேர்விலோ வினவுவோர் எதிரே இருப்பர். விடை உடனே நாவில் எழ வேண்டும். ஆதலின் எழுத்துத் தேர்வுக்கு அஞ்சாதவரும் இதற்கு அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதன்று. முறையறிந்து ஆயத்தம் செய்வார்க்கு இத்தேர்வு ஓர் இனிய உரையாடலே ஆகும்.

வாய்மொழித் தேர்வு புதியதன்று. இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் முற்காலத்தில் சொற்போர் வடிவான தேர்வே பெரிதும் வழங்கிற்று. நம் நாட்டுப் புலவர்களும் தாம் இயற்றிய நூலை அறிஞர் அவையில் அரங்கேற்றினர்; அவையோர் எழுப்பிய தடைகளுக்கு விடை கூறினர். திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்திருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இன்று இணையத்தின் வாயிலாகப் பல பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. சமூக ஊடகம் பற்றிய பாடமும் அவற்றுள் ஒன்று. முகநூல் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009-ஆம் ஆண்டிலும் தோன்றின. இத்தகைய ஊடகங்கள் இயங்கும் முறையையும், அவற்றால் விளையும் நன்மை தீமைகளையும் ஆராய்வது அப்பாடம். ஆசிரியர் ஓரூரில் இருப்பார். மாணவர் வேறோர் ஊரில் இருப்பார். மாணவர் அனுப்பிய விடை அவரே எழுதியதா, பிறர் எழுதியதா, செயற்கை நுண்ணறிவுப் பொறி ஆக்கித் தந்ததா என்று அறிதல் அரிது. “இதனை ஏன் இவ்வாறு எழுதினீர்?” என்று முகம் நோக்கி வினவினால் உண்மை வெளிப்படும். ஆதலின் காணொலி வாயிலாக வாய்மொழித் தேர்வு நடைபெறுகின்றது.

இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர் முதற்கண் பொருளைத் தெளிய உணர்தல் வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம், காரணம், எடுத்துக்காட்டு ஆகிய மூன்றையும் அறிந்திருத்தல் நலம். “சமூக ஊடகத்தில் வதந்தி விரைந்து பரவுவது ஏன்?” என்பது வினா எனக் கொள்வோம். நெட்டுருச் செய்த மாணவர், “அஃது ஒரு விரைவான ஊடகம்” என்று கூறி நின்றுவிடுவார். பொருளுணர்ந்தவரோ, “செய்தி நமக்குத் தெரிந்தவரிடமிருந்து வருவதால் நம்புகிறோம்; அச்சம் தருவதாயின் ஆராயாமல் அனுப்புகிறோம்; அது முதலில் எங்கே பிறந்தது என்பதை எவரும் வினவுவதில்லை” என்று காரணங்களை அடுக்குவார்.

அம்மட்டோ? எடுத்துக்காட்டும் தருவார். 2018-ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே பல மாநிலங்களில் பரவிற்று. அதனை நம்பிய கூட்டத்தார், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டுக்காகச் சென்றிருந்த முதிய பெண்மணி ஒருவரை அடித்துக் கொன்றனர். அவ்வாண்டிலேயே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவொண்ணாதவாறு வரையறை செய்தது. “அவ்வரையறை மட்டும் போதுமா?” என்று ஆசிரியர் அடுத்து வினவக்கூடும். இவ்வினாவுக்கு நெட்டுரு உதவாது, சிந்தனையே உதவும்.

இரண்டாவதாக, படித்ததை ஏட்டை மூடி நினைவுகூர்தல் வேண்டும். ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் ஒரு வாரத்துக்குப் பின், படித்ததைப் பாராமல் நினைந்து எழுதிப் பழகியவர்களே மேம்பட்டு விளங்கினர். படிக்கும்போது தெரிந்ததுபோல் தோன்றுவது வேறு. நினைக்கும்போது வருவது வேறு என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவதாக, வாய்விட்டுப் பேசிப் பழகுதல் வேண்டும். தோழர் ஒருவரை வினாத் தொடுக்கச் செய்து விடை கூறலாம். பாட்டியாருக்கோ தம்பிக்கோ பாடத்தை எளிய சொற்களில் விளக்கலாம். அவர்களுக்கு விளங்காத இடமே நமக்கும் விளங்காத இடம் என அறிந்து, அதனை மீண்டும் கற்றல் வேண்டும்.

கருவிகளையும் முன்னரே செம்மை செய்துகொள்க. ஒலிவாங்கியும் இணைய இணைப்பும் ஒழுங்காக உள்ளனவா என முந்திய நாளே பார்த்துக்கொள்க. வெளிச்சம் முகத்தின்மீது படுமாறு, ஓசையற்ற இடத்தில் அமர்க. தேர்வின்போது வினாவை முழுதும் கேட்டபின் சிறிது எண்ணி விடை கூறுக. வினா விளங்கவில்லையெனில், மீண்டும் கூறுமாறு பணிவுடன் வேண்டுக, அதில் இழுக்கில்லை. விடை தெரியாவிடில் தெரியாதென்று ஒப்புக்கொள்க. திரைக்கு அருகே குறிப்பை மறைத்துவைத்துப் படிப்பவரை அவருடைய கண்களே காட்டிக் கொடுத்துவிடும்.

தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆயினும் உண்மையான தேர்வு அதன் பின்னரே தொடங்குகின்றது. என்றேனும் ஒரு நாள், அச்சமூட்டும் செய்தி ஒன்று நம் கைப்பேசிக்கு வரும். அதனைப் பிறர்க்கு அனுப்ப விரல் விரையும். அப்போது வினவும் ஆசிரியர் எதிரே இரார். மதிப்பெண் இடுவாரும் இரார். “இஃது உண்மையா? இதனைச் சொன்னவர் யார்? இதனால் எவர்க்கேனும் தீங்கு நேருமா?” என்று நம்மை நாமே வினவி, விரலை அடக்குவோமாயின், கற்ற கல்வி பயன்பட்டதாகும்.