பாட்டும் புறப்பாடும்: மலையகப் பறவைகளின் பங்குனி

குளிர்நாடுகளில் பனிக்காலம் கழிந்து பறவைகள் திரும்பிவருவதே வசந்தத்தின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலுமோ, தை, மாசி மாதங்களின் விடியற்பனி தணிந்து சித்திரை மழை நெருங்குவதைச் சில பறவைகள் பாடியும் வேறு சில ஊரைவிட்டுப் புறப்பட்டும் உணர்த்துகின்றன.

பாடுபவை, ஆண்டு முழுவதும் இம்மலைகளிலேயே வாழும் பறவைகள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மொட்டையாக நிற்கும் கொம்பின் உச்சியிலோ வேலிக் கம்பத்திலோ அமர்ந்து, உடல் பெரும்பாலும் கறுத்துச் சிறகில் வெள்ளைத் திட்டுக் கொண்ட ஆண் புதர்ச்சிட்டு ஓயாது பாடுவது, பெண் பறவையை அழைப்பதற்கு மட்டுமன்று, அந்த இடம் தனக்குரியது என்று பிற ஆண்களுக்கு அறிவிப்பதற்காகவும்தான். பட்டாணிக்குருவிகள் இணை சேர்ந்து, கற்சுவர்களின் இடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் கூட்டுக்கு இடம் தேடி எட்டிப்பார்க்கின்றன. மழையோடு துளிர் பெருகும்போது புழுக்களும் பெருகுவதால், குஞ்சுகளுக்கு இரை மிகும் காலத்தை ஒட்டியே இந்த ஆயத்தம் நடைபெறுகிறது.

புறப்படுபவை வடக்கிலிருந்து ஐப்பசியை ஒட்டி வந்த விருந்தாளிகள். ஓடையோரங்களிலும் தோட்டத்துக் கான்களிலும் வாலை ஆட்டியபடி இரை தேடும் சாம்பல் வாலாட்டியின் ஆண், குளிர்காலம் முழுவதும் வெளிறிய தொண்டையோடு திரிந்துவிட்டு, பங்குனி நெருங்குகையில் கருந்தொண்டை பெறத் தொடங்குகிறது. இனப்பெருக்கத்துக்குரிய இந்த இறகுக்கோலம் பயணம் அண்மையில் உள்ளது என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சான்றாகும். விக்டோரியா மகாராணியின் 1897ஆம் ஆண்டு வைரவிழாவை நினைவுகூரும் பெயருடைய நுவரெலியா விக்டோரியா பூங்காவோ இவ்விருந்தாளிகளைக் காண்பதற்கு ஈடற்ற இடம். காலையிலும் மாலையிலும் குரலெழுப்புவதால் ஆறுமணிக்குருவி எனப்படும் தோட்டக்கள்ளனும், இமயச் சரிவுகளில் கூடு கட்டும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும், செம்மார்பின் ஓரத்தில் கருவரை கொண்ட காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்குள்ள ஓடையோரப் புதர்களில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காஷ்மீரில் இதன் கூடுகளுக்குரிய காடுகள் குறைந்துவருவதால் அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள இந்த ஈப்பிடிப்பானுக்கு, ஒரு நகரப் பூங்காவின் புதர்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அவற்றைச் சீர்செய்ய முற்படுவோர் மறந்துவிடலாகாது.

இமயத்தில் பனி உருகத் தொடங்கியதை நுவரெலியாவிலுள்ள பறவை எவ்வாறு அறிகிறது என்பதே இதில் மிகவும் வியப்புக்குரியது. குளிர்நாட்டுப் பறவைகளுக்குப் பகற்பொழுது நீள்வதே முதன்மையான குறிப்பு. வடக்கு 7 பாகையில் அமைந்த நுவரெலியாவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆயினும், பனாமாக் காட்டில் வாழும் ஓர் எறும்புப்பறவை இனம், பகல் 17 நிமிடம் மட்டும் நீண்டபோதே பாடவும் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகவும் தொடங்கியதை 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் மேற்கொண்ட ஆய்வுகளில், பகல் நீளம் மாறாத அறையில் அடைக்கப்பட்ட கதிர்க்குருவிகளும் உரிய பருவத்தில் இரவெல்லாம் சிறகடித்துத் தவித்தன. புலம்பெயர் தவிப்பு என்னும் இந்நிலை, பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இயங்குவதைப் புலப்படுத்துகிறது. நெடும்பயணத்துக்கு முன்னர் மிகுதியாக உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதும் அக்கடிகாரத்தின் ஏவலே.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருவோர் பூக்களைக் காணவும் புதர்ச்சிட்டின் பாட்டைக் கேட்கவும் இயலுமெனினும், காஷ்மீர் ஈப்பிடிப்பான் பெரும்பாலும் மார்ச் இறுதிக்குள் புறப்பட்டுவிடுவதால், இவ்விரு கூட்டத்தையும் ஒருங்கே காண விரும்புவோர் மாசி பிற்பகுதியிலேயே, காலை வெயில் ஏறுமுன், பூங்காவின் ஓடைக்கரைக்குச் செல்வது நன்று.