மலை ஏறும் முன் மூன்று எண்கள்: கார் ஸ்டார்ட் ஆகாததற்கு பேட்டரிதான் காரணமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணமங்கலத்திலிருந்து போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்வர குடும்பமே கிளம்பி நிற்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' சத்தம் மட்டும்தான். "செல்ப் எடுக்கல. பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். நாமும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றிவிடுவோம். நாலு நாள் கழித்து, அதுவும் மலைப்பாதையில், மறுபடியும் அதே 'டிக் டிக்' கேட்டால்?

பேட்டரி தானாக மின்சாரம் உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. என்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் அதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது. ஆல்டர்னேட்டர் வேலை செய்யாவிட்டால் எத்தனை புது பேட்டரி போட்டாலும் காலியாகிவிடும். ஆகவே, மாற்றும் முன் அளந்து பாருங்கள்.

முதலில் காதால் கேளுங்கள்

• வேகமாக 'டிக் டிக் டிக்' என்று கேட்டால், பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் லூசாக இருக்கிறது.
• ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிடுகிறதா? ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் கோளாறாக இருக்கலாம்.
• சத்தமே இல்லையா? டெர்மினலைப் பாருங்கள். சில கார்களில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்க வேண்டும்.
• என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரி காரணமல்ல. பெட்ரோல், ஸ்பார்க் பிளக் அல்லது சாவியின் பாதுகாப்புப் பூட்டு காரணமாக இருக்கலாம்.

டெர்மினலில் வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருந்தால், அதுவே மின்சாரத்தைத் தடுக்கும். என்ஜினை நிறுத்தி, கையிலுள்ள மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். முதலில் மைனஸ் கேபிள், பிறகு பிளஸ் கேபிள் என்று கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரால் துடைத்து, காயவிட்டு இறுக்கமாக மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

பிறகு மீட்டரால் அளங்கள்

மல்டிமீட்டர் எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள்.

முதல் எண், வண்டி இரவு முழுக்க நின்றபின் காலையில். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.

இரண்டாவது எண், ஒருவர் சாவியைத் திருப்பும்போது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழுச் சார்ஜ் இருந்தும் இறங்கினால் பேட்டரி பலமிழந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது எண், என்ஜின் ஓடும்போது. ஹெட்லைட்டையும் போட்டுவிட்டுப் பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். 12.5-ஐத் தாண்டாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான். பேட்டரி கொதித்துக் கெடும்.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்ப்பது பழைய பழக்கம். இப்போதைய கார்களில் இதைச் செய்யாதீர்கள். திடீரென எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டர் பாகங்களையே எரித்துவிடலாம்.

மூன்று எண்ணும் சரி, ஆனாலும் சில நாள் நிறுத்தினால் சார்ஜ் இறங்குகிறதா? டேஷ்கேம், ஜிபிஎஸ், டிக்கி விளக்கு என ஏதோ ஒன்று திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறது. 50 மில்லி ஆம்பியர் கசிவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே வாரத்தில் பாதியாகிவிடும்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால்

டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். வெப்பமானியையும் கவனியுங்கள்; சில என்ஜின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. சூடு ஏறினால் ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். சூடு ஏறாவிட்டால், வழியில் அணைக்காமல் அருகிலுள்ள ஊர் வரை ஓட்டுங்கள். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். மலை ஏறத் தொடங்கும் முன் எரிந்தால், பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள். இரவில் ஹெட்லைட் இரண்டுமே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வளைவில் விளக்கு மங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலைச்சரிவில் உருட்டாதீர்கள்

"இறக்கம்தானே, அப்படியே உருட்டி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று தோன்றும். உயிருக்கு ஆபத்தானது இதுதான். என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் பிரேக் கல்லாக இறுகும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். கொண்டை ஊசி வளைவில் இந்த இரண்டும் இல்லாமல் வண்டியைத் திருப்ப முடியாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதெல்லாம் சமதளத்தில், மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான்.

மலையில் நின்றுபோனால் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் வையுங்கள். வேறொரு கார் வந்தால் ஜம்பர் கேபிள் உதவும். சிவப்பை முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு அந்தக் காரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை அந்தக் காரின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை உங்கள் என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியைவிட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால்தான் இந்த வரிசை.

அவசரத்துக்கு 112-ஐ அழையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033. மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. கிளம்பும் முன் வழியையும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாரண்டியை விடாதீர்கள்

வாரண்டி காலத்திலேயே பேட்டரி கெட்டால், கடையில் சோதித்த அளவுகளை எழுதி வாங்குங்கள். நீங்கள் எடுத்த மூன்று எண்களை மீட்டர் தெரியும்படி போட்டோ எடுத்து, பில்லோடு வைத்திருங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பழைய பேட்டரியை உடைக்கவோ, ஆசிடைக் கொட்டவோ கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

அடுத்த பயணத்துக்கு முந்தின நாளே பானெட்டைத் திறந்து மூன்று எண்களையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். எண்ணில் குறை தெரிந்தால் ஊரிலேயே சரிசெய்துகொண்டு மலை ஏறுங்கள்.