ஒரு டிஷ், மூன்று டிவி: எத்தனை செட் டாப் பாக்ஸ் வேண்டும்?

தென்காசி மாவட்டம் பண்பொழியில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஹாலில் புதிய எல்.இ.டி. டிவி இருக்கிறது. படுக்கை அறையில், 2006ல் தொடங்கிய அரசு திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய கலர் டிவி இன்னும் ஓடுகிறது. மாடி அறையில், அண்மையில் வாங்கிய கம்ப்யூட்டரின் மானிட்டர். குற்றால சீசனில் உறவினர்கள் வந்தால் மாடி அறை அவர்களுக்குத்தான். ஆனால் மொட்டை மாடியில் இருப்பது ஒரே ஒரு டிஷ். மாலையானால் பாட்டிக்கு சீரியல், பேரனுக்கு கிரிக்கெட், அப்பாவுக்குச் செய்திகள். ரிமோட்டுக்குச் சண்டைதான்.

ஒரு இன்டர்நெட் இணைப்பை ரௌட்டர் மூலம் நான்கு பேர் பயன்படுத்துகிறோம். அதுபோல ஒரே செட் டாப் பாக்ஸில் மூன்று டிவிக்களையும் இயக்க முடியாதா? பலருக்கும் எழும் கேள்வி இது. இதற்கு விடை தெரியாமல் பாக்ஸ் வாங்கினால், மாதாமாதம் தேவையில்லாமல் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

டிஷ் எப்படி வேலை செய்கிறது?

டிஷ் என்பது சேட்டிலைட் சிக்னலைக் குவித்துத் தரும் ஒரு கிண்ணம் மட்டுமே. அதன் முன்னே நீட்டிக் கொண்டிருக்கும் சிறிய கருவியின் பெயர் எல்.என்.பி. இதுதான் சிக்னலைப் பெற்று, கேபிள் வழியே பாக்ஸுக்கு அனுப்புகிறது.

சேட்டிலைட் தன் சேனல்களை செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு பிரிவாக அனுப்புகிறது. நீங்கள் ரிமோட்டில் ஒரு சேனலை அழுத்தியதும், அது எந்தப் பிரிவில் உள்ளது எனப் பார்த்து, பாக்ஸ் அதே கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்பும். 13 வோல்ட் சென்றால் செங்குத்துப் பிரிவு வரும். 18 வோல்ட் சென்றால் கிடைமட்டப் பிரிவு வரும். அதாவது, கேபிளில் சிக்னல் கீழே வருகிறது. கட்டளை மேலே செல்கிறது.

இப்போது ஒரே கேபிளில் சாதாரண ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு பாக்ஸ்களை இணைத்தால் என்ன ஆகும்? ஒன்று 13 வோல்ட் கேட்கும். மற்றொன்று 18 வோல்ட் கேட்கும். எல்.என்.பி. ஒருவர் சொல்வதைத்தான் கேட்கும். இதனால்தான் "சில சேனல்கள் வருகின்றன, சில வருவதில்லை, பக்கத்து அறையில் டிவியை நிறுத்தினால் எல்லாம் வருகின்றன" என்ற விநோதமான குறை ஏற்படுகிறது. பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து அதனை மாற்ற வேண்டாம். ஸ்பிளிட்டரை நீக்கினால் போதும்.

சரியான வழி

இரண்டு பாக்ஸ்களுக்கு இரண்டு அவுட்புட் உள்ள ட்வின் எல்.என்.பி.யும், நான்கு வரை என்றால் குவாட் எல்.என்.பி.யும் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி கேபிள் செல்ல வேண்டும். டிஷ் ஒன்றே போதும். புதிதாக வீடு கட்டுபவர்கள், மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி பைப் போட்டு வைப்பது நல்லது.

ஒரு பாக்ஸின் அவுட்புட்டை இரண்டு டிவிக்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியும். ஆனால் இரண்டிலும் ஒரே சேனல்தான் தெரியும். இருவரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள் என்றால் இதுவே மலிவான வழி.

ஆக, பாக்ஸ் எண்ணிக்கையை முடிவு செய்வது வீட்டில் உள்ள டிவிக்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை வெவ்வேறு சேனல்கள் வேண்டும் என்பதுதான்.

மாதச் செலவு

பாக்ஸ் வாங்கும் பணம் ஒருமுறைதான். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ரீசார்ஜ் தொடரும். 2020ல் டிராய் அமைப்பு, ஒரே வீட்டின் இரண்டாவது டிவி முதல் நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்திற்கு மேல் வாங்கக் கூடாது என விதித்தது. ஒவ்வொரு டிவிக்கும் வேறு வேறு சேனல்களைத் தேர்ந்தெடுக்கவும் வழி செய்தது. 2024ல் நெட்வொர்க் கட்டணத்திற்கான உச்சவரம்பு நீக்கப்பட்டு, கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. எனவே இரண்டாவது பாக்ஸுக்கு மாதம் எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் பாக்ஸில் இன்னொரு நிறுவனத்தின் கட்டணச் சேனல்களைப் பார்க்க முடியாது. எனவே எல்லா பாக்ஸ்களையும் ஒரே நிறுவனத்தில், ஒரே கணக்கில் வாங்குவதே எளிது.

2004ல் தொடங்கிய தூர்தர்ஷனின் டி.டி. ப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனால் தமிழ்ச் சேனல்கள் குறைவு. எப்போதாவது பார்க்கும் அறைக்கு இது பொருந்தும்.

சாரலும் சிக்னலும்

குற்றாலப் பகுதியில் டிஷ் வைத்திருப்பவர்கள் மழையைப் பற்றிக் கேட்பது இயல்பு. டி.டி.எச். சிக்னலின் அலை நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய மழைத்துளிகள் இதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். எனவே கனமழையில் சில நிமிடங்கள் படம் நிற்பது இயற்கை. ஆனால் சாரலுக்கே படம் நின்றால் அது மழையின் குற்றம் அல்ல. டிஷ் சற்றே திரும்பியிருக்கலாம். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பாக்ஸின் மெனுவில் சிக்னல் குவாலிட்டி அளவைப் பாருங்கள். வெயில் நாளிலேயே அது குறைவாக இருந்தால் டிஷ்ஷைச் சரி செய்ய வேண்டும். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதிலாக 90 செ.மீ. டிஷ் வைத்தால், சிக்னலைப் பெறும் பரப்பு இரண்டே கால் மடங்காகும். மழையைத் தாங்கும் திறனும் கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை சிக்னலை மறைக்குமோ என்ற கவலை வேண்டாம். டி.டி. ப்ரீ டிஷ் வரும் ஜிசாட் 15 சேட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கில் உள்ளது. பண்பொழியிலிருந்து பார்த்தால், அது தென்கிழக்கிலிருந்து சற்றே கிழக்கே தள்ளி, சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். மலை இருப்பதோ மேற்கில். தென்கிழக்கே வீட்டை ஒட்டி நிற்கும் தென்னை மரம்தான் மறைக்கும்.

இடி மின்னலின்போது பாக்ஸின் மின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

எடுத்துக்காட்டு வீட்டிற்கு என்ன தேர்வு?

ஹாலுக்கு எச்.டி. பாக்ஸ் ஒன்று. படுக்கை அறையில் உள்ள பழைய டிவியில் எச்.டி.எம்.ஐ. சாக்கெட் இருக்காது. எனவே அதற்கு ஏ.வி. அவுட்புட் உள்ள சாதாரண பாக்ஸ் ஒன்று. டிஷ்ஷில் ட்வின் எல்.என்.பி., இரண்டு தனி கேபிள்கள்.

மாடி அறைக்கு மூன்றாவது பாக்ஸ் தேவையில்லை. அங்கு கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் இருக்கின்றன. பல சேனல்களின் நிகழ்ச்சிகளை அவற்றின் இணையதளங்களிலேயே பார்க்கலாம். சிலவற்றிற்குச் சந்தா உண்டு. எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்திற்கு 2 முதல் 3 ஜிபி வரை டேட்டா செலவாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் பாக்ஸ்தான் வேண்டும் என்றால், எச்.டி.எம்.ஐ. உள்ள மானிட்டரில் நேரடியாக இணைக்கலாம். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை என்றால், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டில் இணைத்துக் கொள்ளுங்கள். ஆனால் மூன்றாவது பாக்ஸ் வரும் வாய்ப்பு உண்டு என்று தோன்றினால், இப்போதே ட்வினுக்குப் பதில் குவாட் எல்.என்.பி. போட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. இரண்டாவது பாக்ஸுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு? அதற்கு வேறு சேனல்களைத் தேர்வு செய்யலாமா?
2. எல்.என்.பி. ட்வினா, குவாடா? அதன் விலை இதில் சேர்ந்ததா?
3. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி கேபிள் இழுப்பீர்களா?
4. பாக்ஸ் நமக்குச் சொந்தமா, வாடகையா?
5. மழையில் டிஷ் திரும்பினால் சரி செய்ய எவ்வளவு வாங்குவீர்கள்?

இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பின் பணம் கட்டுங்கள். பாட்டியும் பேரனும் அவரவர் நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்க்கட்டும்.