சிறு நாயின் உணவும் சிக்கனக் குடும்பமும்

சென்ற மழைக்காலத்தில் பங்கு இல்லங்களைச் சந்தித்து வருகையில், தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் வீட்டிற்குச் சென்றோம். வெளியூரில் பணிபுரியும் மகள், தாய்க்குத் துணையாக இருக்கட்டும் என்று விட்டுச் சென்ற பொமரேனியன் நாய் ஒன்று நம்மைக் கண்டு குரைத்தது. "தோத்திரம், சாமி" என்று கைகூப்பிய அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "இவன் ஒன்றும் செய்யமாட்டான், சாமி. சாப்பாட்டு நேரம், அதுதான் சத்தம்" என்றார். மேசையின் ஒருபுறம் வெளிநாட்டில் செய்யப்பட்ட நாய் உணவுப் பை; மறுபுறம் இரத்த அழுத்த மாத்திரை அட்டை. நாளுக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாளே அவர் உட்கொள்கிறார் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. "ஓய்வூதியம் எட்டவில்லை, சாமி. வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடலாமா? அதற்குச் செலவு செய்வது பாவமா?" என்று கேட்டார்.

இதே வினாவை வேறு குடும்பத்தினரும் நம்மிடம் கேட்டதுண்டு. ஆகவே அதற்கான விடையை ஈண்டுச் சற்று விரிவாகக் கூற முற்படுகிறோம்.

திருச்சபையின் போதனை

1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2416 முதல் 2418 வரையிலான எண்களில் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறது. அவை இறைவனின் படைப்புகள். அவற்றிற்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது. அதே மூச்சில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. தோபித்து நூலில் இளைஞர் தோபியா வானதூதருடன் பயணம் புறப்பட்டபோது ஒரு நாயும் உடன் சென்றதை நாம் அறிவோம். நாய் உடன் வந்தது. பயணத்தின் நோக்கம் மாறவில்லை. நம் வீடுகளிலும் அதற்குரிய இடம் அதுவே.

ஆக, நாய்க்குப் பட்டினியும் கூடாது. அதன் பொருட்டு வீட்டார் மருந்தைக் குறைப்பதும் கூடாது. இவ்விரண்டிற்கும் நடுவே வழி காண்பதற்குப் பக்தியோடு சிறிது கணக்கும் தேவை.

சிறு உடலின் பெரும் பசி

சிறிய நாய் சிறிதளவே உண்ணும் என்பது மெய். எனினும் எடைக்கு எடை ஒப்பிட்டால் பெரிய நாயைவிட அதற்கே ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. கால்நடை மருத்துவர்கள் கையாளும் கணக்கின்படி, வீட்டில் அளவோடு ஓடியாடும் 5 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி வேண்டும். அதாவது கிலோவுக்கு 70. முப்பது கிலோ நாய்க்கோ கிலோவுக்கு 45 போதும். படுத்தே கிடக்கும் நாய்க்கு இதனினும் குறைவாகவும், வளரும் குட்டிக்கு மிகுதியாகவும் வேண்டும். இரைப்பையும் வாயும் சிறியன ஆதலால், சிறு கட்டிகளாகச் செய்யப்பட்ட, சத்துச் செறிந்த உணவே அதற்கு ஏற்றது. வளர்ந்த நாய்க்கு நாளுக்கு இரண்டு வேளை நலம். மிகச் சிறிய இனக் குட்டிகள் நெடுநேரம் பசித்திருந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கிவிழக்கூடும்; அவற்றிற்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும்.

உலர் உணவு என்பது யாது? தானிய மாவு, இறைச்சித் தூள், கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாது உப்புகள் ஆகியவற்றைக் கலந்து, நீராவியில் வேகவைத்து, நம் வீட்டு முறுக்கு அச்சில் பிழிவதுபோல் துளைவழியே அழுத்தி, துண்டுகளாக்கி உலர்த்துகின்றனர். ஈரம் நூற்றுக்குப் பத்து அளவே எஞ்சுவதால் அது கெடாமல் இருக்கிறது. கடையில் எல்லா உலர் உணவையும் 'பெடிகிரி' என்ற ஒரே நிறுவனப் பெயரால் கேட்பது நம்மவர் வழக்கம். நாம் எந்த நிறுவனத்திற்கும் பரிந்துரை செய்ய வரவில்லை. பையைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே கூறுகிறோம்.

பையின் பின்புறம் காணவேண்டியவை

முதலாவது, அது முழுமையான, சமச்சீரான உணவு என்று குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அக்குறிப்பு இல்லாதவை தின்பண்டங்களாக இருக்கக்கூடும். அவை அன்றாட உணவாகா.

இரண்டாவது, அது குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதைக் காணுங்கள். ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பு வகுத்துள்ள அளவின்படி, ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாயின் உணவில் புரதம் குறைந்தது நூற்றுக்கு 18 பங்கும் கொழுப்பு 5.5 பங்கும் இருத்தல் வேண்டும். குட்டிகளுக்குப் புரதம் 22.5, கொழுப்பு 8.5. இந்த அளவைத் தாண்டிய உணவு, விலை குறைந்தது என்பதற்காக மட்டும் மட்டமானதாகிவிடாது.

மூன்றாவது, சேர்பொருள் பட்டியலில் எடை மிகுந்த பொருளே முதலில் எழுதப்படும். கோழியோ வேறு இறைச்சியோ முதல் சில பெயர்களுள் இருப்பது நன்று. தானியத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நன்கு வெந்த அரிசியும் மக்காச்சோளமும் நாய்க்குச் செரிக்கும். 'தானியம் அற்றது' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் உணவுகள் பெரும்பாலான நாய்களுக்குத் தேவையில்லை. அவற்றுள் சிலவற்றிற்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டு ஆராயத் தொடங்கியதும் நினைவிற்குரியது.

நான்காவது, உற்பத்தி நாளும் காலாவதி நாளும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் உணவில் இவ்விரண்டும் இரா. மலிவு எனினும் அதனைத் தவிர்த்தல் நலம்.

கிலோ விலையும் நாள் விலையும்

இல்லத்தரசியர் அரிசியை வாங்கும்போது சோறு காணுமா என்று பார்ப்பர். நாய் உணவிலும் அதுவே கணக்கு. நூறு கிராமில் 320 கலோரி தரும் உணவு கிலோ 220 ரூபாய் என்றும், 390 கலோரி தரும் உணவு கிலோ 270 ரூபாய் என்றும் கொள்வோம். மேற்சொன்ன 5 கிலோ நாய்க்கு முன்னதில் ஏறத்தாழ 110 கிராம் வேண்டும். நாளொன்றுக்கு 24 ரூபாய் 20 காசு. பின்னதில் 90 கிராம் போதும். 24 ரூபாய் 30 காசு. கிலோவுக்கு 50 ரூபாய் வேறுபாடு, நாள் கணக்கில் பத்துக் காசாகச் சுருங்கிவிடுகிறது! ஆகவே பையில் எழுதியுள்ள அளவைப் பார்த்து, ஒரு நாள் செலவைக் கணக்கிட்ட பின்னரே வாங்குக.

கண்ணளவாகக் கொட்டாமல், ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த அளவிற்கு ஒரு குவளையை ஒதுக்கிவையுங்கள். நாயின் விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை தெரியவேண்டும். தெரியாவிடில் அளவைக் குறையுங்கள். செலவும் குறையும்.

சமையலறையிலிருந்து தரக்கூடியவை, தரக்கூடாதவை

வெறும் பால்சோறும் பிஸ்கட்டும் நாயைப் பருக்கவைக்கும். புரதமும் சுண்ணச்சத்தும் உரிய அளவில் தாரா. உலர் உணவோடு அவித்த முட்டையோ, உப்பும் மசாலாவும் இல்லாத எலும்பு நீக்கிய கோழியோ சிறிது சேர்க்கலாம். ஆனால் இவ்வகைச் சேர்ப்புகள் யாவும் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். எனவே சாம்பாரும் குழம்பும் ஊற்றிய சோறு வேண்டாம். திராட்சை, குறிப்பாக உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. கிறிஸ்துமஸ் கேக்கில் அது நிறைந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாக்லேட்டும் நஞ்சு. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். உடல் சிறியதாகையால் சிறிதளவு நஞ்சும் சிறு நாய்க்குப் பெருந்தீங்காகும்.

வாங்கிய பின்னர்

நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் தீரும் அளவு பையையே வாங்குங்கள். பெரிய பை கிலோ விலையில் மலிவாகத் தோன்றினும், திறந்தபின் கொழுப்புக் காறிப்போகும். மழைக்காலத்தில் பூஞ்சணமும் பற்றும். பையை மடித்துக் கட்டி, அப்படியே மூடியுள்ள தகர டின்னில் வைப்பது நன்று. புது உணவிற்கு மாறுகையில் பழையதோடு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென மாற்றினால் வயிறு கெடும். பல் போன கிழ நாய்க்கு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தரலாம். அருகில் எப்போதும் நல்ல நீர் இருக்கட்டும். நோயுற்ற நாய்க்குக் கால்நடை மருத்துவர் குறித்த உணவை அவரைக் கேளாமல் மாற்றலாகாது.

அம்மையாரின் கணக்கு

அம்மையாரின் மேசையிலேயே காகிதம் எடுத்துக் கணக்கிட்டோம். அவர் வாங்கிய பை கிலோ 850 ரூபாய். மாதம் ஏறத்தாழ 2,300 ரூபாய். "இவனுக்கு நோய் ஏதும் உண்டா, அம்மா?" என்றோம். "இல்லை, சாமி. கடைக்காரர் இதுதான் உயர்ந்தது என்றார்; வாங்கிவிட்டேன்" என்றார். கிலோ 270 ரூபாய் உணவாயின் மாதம் 730 ரூபாயில் முடியும். மீதி 1,570 ரூபாய். அம்மையார் சிறிது நேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அன்பு குறைந்ததாக ஆகாதா, சாமி?" என்றார். "இவனுக்கு வேண்டியது முழுவதும் தட்டில் இருக்கிறது, அம்மா. நீங்கள் மாத்திரையை விட்டு ஒரு நாள் கீழே விழுந்தால், இவனுக்குத் தட்டு வைப்பவர் யார்?" என்றோம்.

இரு மாதம் கழித்துத் திருப்பலி முடிந்து வெளியே வருகையில் அவரைக் கண்டோம். நாள்தோறும் மாத்திரை உட்கொள்வதாகவும், நாய் புது உணவை ஒரு பருக்கை விடாமல் உண்பதாகவும் கூறினார். மருந்துச் செலவு போக மிஞ்சியதில் ஐம்பது ரூபாயைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் இட்டதையும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொன்னார்.

அன்புக்குரிய குடும்பத்தினரே, உங்கள் வீட்டு வாயிலில் காத்திருக்கும் அச்சிற்றுயிரும் ஆண்டவரின் கைவேலையே. அதற்கு வேண்டியதை அளந்து கொடுங்கள். அளந்ததில் மிஞ்சுவது யாருக்குரியது என்பதைக் குடும்ப செபத்தின்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.